ஞாயிறு மட்டும் போதாது: பெங்களூருக்குப் புதிதாக வந்த விசுவாசிக்கு ஒரு வழிகாட்டி

நாசரேத், சாயர்புரம், மார்த்தாண்டம், ஆம்பூர் என்று எந்த ஊரிலிருந்து வேலைக்காகப் பெங்களூருக்கு வந்தாலும், முதல் மாதத்திலேயே ஒன்று புரிந்துவிடும். ஊரில் நம் விசுவாசத்தைத் தாங்கிப் பிடிக்க நிறைய கைகள் இருந்தன. காலையில் கோவில் மணி அடிக்கும். இரவில் அம்மா பாயை விரித்து எல்லோரையும் குடும்ப ஜெபத்துக்கு உட்கார வைப்பார். ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் போகவில்லை என்றால், மறுநாள் கடைத்தெருவில் யாராவது "நேத்து உன்னைக் கோவில்ல காணோமே" என்று கேட்டுவிடுவார்கள். பி.டி.எம். லேஅவுட்டிலோ மாரத்தஹள்ளியிலோ மூன்று கட்டில் போட்ட பி.ஜி. விடுதி அறையில் அப்படிக் கேட்க ஆள் கிடையாது. வேதாகமம் பெட்டியின் அடியில் கிடக்கும். ஞாயிறு துணி துவைக்கும் நாளாகிவிடும். ஒருவருடைய விசுவாசம் இந்த நகரத்தில் ஒரே நாளில் உடைவதில்லை. கேட்பாரில்லாமல் மெதுவாகக் கரைகிறது.

அப்படிக் கரையாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதைத்தான் எழுதுகிறேன். வீட்டில் இந்தப் பழக்கம் எதுவும் இல்லாமல், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

"உன் தேவனாகிய கர்த்தரில் உன் முழு இருதயத்தோடும், உன் முழு ஆத்துமாவோடும், உன் முழுப் பலத்தோடும் அன்புகூருவாயாக" என்கிறது உபாகமம் 6:5. இயேசு பிரதான கற்பனையாகச் சொன்னதும் இதைத்தான். இதை வாசிக்கும்போது நம்மில் பலருக்கு கன்வென்ஷன் ஜெபக்கூட்டங்களின் கடைசி இரவு நினைவுக்கு வரும், கண்ணீரோடு கையை உயர்த்திய அந்த நேரம். அந்த நேரங்களும் மெய்யானவையே. ஆனால் மோசே அடுத்த இரண்டு வசனங்களில் எங்கே போகிறார் என்று பாருங்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது இந்த வார்த்தைகளைப் பற்றிப் பேசு என்கிறார். எல்லாம் சாதாரண நேரங்கள். வாரத்தில் எந்த மணி நேரத்தையும் வசனத்துக்கு வெளியே ஒதுக்கி வைக்காமல் இருந்தால், அதுதான் முழு இருதயம். என் மனதில் இருக்கிற ஒரே விஷயம் இதுதான். மற்றதெல்லாம் இதற்கான வழிமுறை.

முதல் வாரம்: புத்தகம், இடம், நேரம்

முதலில் அச்சிட்ட வேதாகமம் ஒன்று கையில் இருக்கட்டும். போனில் எல்லாமே இருக்கிறதே என்று தோன்றும். இருக்கிறது, பஸ்ஸில் நின்றுகொண்டே படிக்க அதுதான் வசதி. ஆனால் அதே திரையில்தான் மேனேஜரின் மெசேஜும், வங்கியின் அறிவிப்பும், நேற்று பாதியில் விட்ட வீடியோவும் காத்திருக்கின்றன. நாளின் முதல் பதினைந்து நிமிடமாவது போன் வேறு இடத்தில் இருக்கட்டும். ஊருக்குப் போகும்போது வீட்டு அலமாரியில் இருப்பதை எடுத்து வந்தாலும் சரி, இங்கேயே வாங்கினாலும் சரி. இந்திய வேதாகமச் சங்கத்தின் தலைமையகம் இந்த ஊரில், மகாத்மா காந்தி ரோட்டில்தான் இருக்கிறது. தமிழ் வேதாகமம் இங்கே அலைந்து தேட வேண்டிய பொருள் இல்லை.

எந்தப் பதிப்பு என்று கேட்பவர்களுக்கு: சீர்திருத்த சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் பெரும்பாலும் வாசிக்கப்படுவது 1871-இல் முழுமையாக வெளிவந்த, ஹென்றி பவர் தலைமையில் உருவான மொழிபெயர்ப்பு. அதில் 66 புத்தகங்கள். கத்தோலிக்கர் கையில் இருப்பது 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், 73 நூல்கள் கொண்டது. பவர் பதிப்பின் தமிழ் நூற்றைம்பது வருடத்துக்கு முந்தையது. மனப்பாடம் செய்ய அதைப்போல இன்னொன்று இல்லை, அதன் ஓசையே வசனத்தை நெஞ்சில் பதிய வைத்துவிடும். ஆனால் ரோமருக்கு எழுதின நிருபம் மாதிரி இடங்களில் வாக்கியம் நீண்டுகொண்டே போய் மூச்சு முட்டும். அப்போது திருவிவிலியத்தையோ வேறொரு எளிய மொழிபெயர்ப்பையோ பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நீங்கள் எந்தச் சபையாராக இருந்தாலும் இதில் தவறில்லை.

இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், படிக்கத்தான் வராது. அதற்காக வெட்கப்பட்டு வேதத்தை மூடி வைக்க வேண்டாம். ஒலி வேதாகமத்தில் தமிழைக் காதால் கேட்டுக்கொண்டே, ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ கண்ணால் பின்தொடருங்கள். பாட்டி வாயால் கேட்ட சங்கீதம் அப்படித்தான் திரும்பக் கிடைக்கும்.

அடுத்தது இடம். "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" ஜெபம்பண்ணு என்றார் இயேசு. பி.ஜி.யில் பூட்டுவதற்கு ஒரு கதவு கிடைப்பதுதான் கஷ்டம். மொட்டை மாடிக்குப் போங்கள். துணி காயும் கொடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதும். பக்கத்துப் பூங்காவில் காலையில் ஒரு பெஞ்சு கிடைக்கும். அரை மணி நேரம் முன்னதாக ஆபீஸ் போய், இன்னும் ஆள் வராத கேன்டீனின் ஓர மேசையில் உட்காரலாம். ஈசாக்கு மாலை நேரத்தில் தியானம்பண்ண வெளியிலே போயிருந்தான் என்று ஆதியாகமம் 24 சொல்கிறது. அறைக்கு வெளியே தேடுவதும் பழைய வழிதான். அறைத் தோழர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "காலைல இருபது நிமிஷம் படிப்பேன், லைட் போடமாட்டேன்." சொல்லாமல் ஒளிந்து செய்தால் ஒரு வாரத்தில் நின்றுவிடும். சொல்லிவிட்டால் அவர்களே ஒரு நாள் "இன்னிக்குப் படிக்கலையா?" என்று கேட்பார்கள். ஊரில் கேட்க இருந்த ஆள் அப்படி இங்கேயும் கிடைப்பார்.

நேரத்தைப் பொறுத்தவரை, அதிகாலைதான் பரிசுத்தம் என்று யாராவது சொன்னால் அதை மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் சட்டமாக்கிக்கொள்ள வேண்டாம். இயேசு இருட்டோடே எழுந்து போய் ஜெபம்பண்ணினார். தானியேல், பாபிலோனில் அரசாங்க வேலைக்கு நடுவே, தினமும் மூன்று வேளை. அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்து, விடியற்காலை நான்கு மணிக்கு கேப்பில் வந்து இறங்குகிறவர்களுக்கு மத்தியானம்தான் காலை. அவர்களுக்கென்றே மூன்றே வசனங்களில் ஒரு சங்கீதம் இருக்கிறது, 134: "இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் கர்த்தரின் ஊழியக்காரரே" என்று கூப்பிடுகிறது. ஷிப்டுக்கு முன் அதை வாசித்துவிட்டு லாகின் செய்யுங்கள். நேரம் எதுவாக இருந்தாலும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும்.

எவ்வளவு? ஒரு அதிகாரம், பதினைந்து இருபது நிமிடம். உற்சாகத்தில் ஒரு மணி நேரம் என்று தீர்மானித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கே தொடங்குவது, எப்படிப் படிப்பது

ஆதியாகமத்தில் தொடங்கி நேராகப் போகலாம் என்று பலர் ஆரம்பிக்கிறார்கள். ஆதியாகமம் ஓடும். யாத்திராகமத்தில் செங்கடல் வரை, சீனாய் மலை வரை ஓடும். 25-ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக்கூடாரத்தின் அளவுகள் தொடங்கும் இடத்தில் தடுக்கும், லேவியராகமத்தில் நின்றுவிடும். அந்தப் பகுதிகளுக்கும் அர்த்தம் உண்டு, ஆனால் அது திறக்க இயேசுவை முதலில் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். அதனால் மாற்கிலிருந்து தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் சிறியது, 16 அதிகாரங்கள். மூன்று வாரத்தில் முடியும். அதற்குப் பிறகு பிலிப்பியர், நான்கே அதிகாரம், சிறையிலிருந்து எழுதப்பட்ட சந்தோஷமான கடிதம். அப்புறம் மத்தேயுவுக்குத் திரும்பிப் புதிய ஏற்பாட்டை வரிசையாகப் படிக்கலாம். மொத்தம் 260 அதிகாரங்கள், திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 வாரம். சனிக்கிழமை விட்டதைப் பிடிக்க, ஞாயிறு சபையில் வாசிக்கும் பகுதிக்கு. மாலையில் தெம்பு இருந்தால் ஒரு சங்கீதம்.

படிக்கிற முறை எளிமையானது. முதலில் ஒரு வரி ஜெபம்: ஆண்டவரே, பேசும். அப்புறம் அதிகாரத்தை வாய்விட்டு, அறையில் ஆள் இருந்தால் உதட்டசைவிலாவது, ஒருமுறை முழுக்க வாசியுங்கள். இரண்டாம் முறை மெதுவாக. எந்த வரியில் நிற்கிறீர்களோ அதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் கையால் எழுதுங்கள். இங்கே என்ன நடக்கிறது, யார் யாரிடம் பேசுகிறார், இதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடைசியாக அந்த வரியையே ஜெபமாக மாற்றிச் சொல்லுங்கள்.

ஒரு உதாரணம் எடுத்துப் பார்ப்போம். மாற்கு 1:35. "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" என்ற வரியில் நிற்கிறீர்கள். சீக்கிரம் எழுந்து ஜெபிக்க வேண்டும், அவ்வளவுதானே என்று மூடிவிடத் தோன்றும். முன்னால், 21-ஆம் வசனத்துக்குப் போங்கள். முந்தின நாள் ஓய்வுநாள். ஜெபஆலயத்தில் போதித்திருக்கிறார், சீமோனின் மாமியைக் குணமாக்கியிருக்கிறார், சூரியன் அஸ்தமித்த பிறகு "பட்டணத்தார் எல்லாரும் வீட்டு வாசலுக்கு முன்பாகக்" கூடியிருக்கிறார்கள். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்! அப்படிப்பட்ட இரவுக்கு அடுத்த காலையில்தான் அவர் எழுந்து போகிறார். இப்போது இரண்டு வசனம் பின்னால் போங்கள். சீமோன் தேடி வந்து "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறான். ஊரே தேடுகிறது, வேலை குவிந்து கிடக்கிறது. அவரோ, அடுத்த ஊர்களுக்குப் போவோம், "இதற்காகவே புறப்பட்டுவந்தேன்" என்கிறார். யார் கூப்பிட்டாலும் ஓடாமல், எதற்காக வந்தோம் என்று தெளிவாகச் சொல்ல முடிகிற மனிதர் இங்கே நிற்கிறார். அந்தத் தெளிவு தனியே இருந்த அந்த இருட்டு நேரத்தில் கிடைத்தது. காலை ஒன்பது மணிக்குள் நாற்பது மெசேஜ் வந்து குவிகிற ஒருவருக்கு இந்த நான்கு வசனம் ஒரு வாரத்துக்குப் போதும். நோட்டில் எழுத வேண்டிய வரி "சீக்கிரம் எழு" என்பது இல்லை என்று அப்போது தெரியும். "ஆண்டவரே, இன்று என்னை எல்லோரும் தேடுவார்கள். நான் எதற்காக வந்தேன் என்று காட்டும்" என்பதே அன்றைய ஜெபம்.

தினமும் இப்படித் திறக்காது. பல நாள் ஒன்றும் தோன்றாது. வாசித்துவிட்டு எழுந்து போங்கள். வனாந்தரத்தில் மன்னாவைத் தினமும்தான் பொறுக்க வேண்டியிருந்தது, மறுநாளைக்கென்று வைத்தது புழுத்துப்போனது என்று யாத்திராகமம் 16-இல் இருக்கிறது. நான்கு நாள் விட்டுப்போனால், ஐந்து அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துக் கணக்குத் தீர்க்க வேண்டாம். இன்றைய பங்கை இன்று எடுங்கள், சனிக்கிழமை மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

வழியில் போகிற நேரத்துக்கு மனப்பாடம். வாரத்துக்கு ஒரு வசனம், அல்லது மாதத்துக்கு ஒரு சிறு சங்கீதம். 121 எட்டே வசனம், ஓய்வுநாள் பள்ளியில் படித்தது பாதியாவது நினைவில் இருக்கும். சில்க் போர்டு சந்திப்பில் வண்டி நகராமல் நிற்கும்போது ஹார்ன் சத்தத்துக்கு நடுவே "உன் காலைத் தள்ளாடவொட்டார்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த நேரம் இதுவரை எரிச்சலுக்கு மட்டும்தானே போய்க்கொண்டிருந்தது.

வாக்குத்தத்த அட்டை போதாது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த வசனம் எடுப்பது நம் சபைகளின் பிரியமான வழக்கம். அந்த அட்டையைப் பர்ஸில் வைத்திருப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. அதோடு காலை ஆறு மணிக்குக் குடும்ப வாட்ஸாப் குழுவில் ரோஜாப்பூவோடு ஒரு வசனமும் வரும். இரண்டையும் வைத்துக்கொண்டு "வேதம் படிக்கிறேன்" என்று நினைத்துவிடுவதுதான் ஆபத்து.

எரேமியா 29:11 எத்தனை அட்டைகளில் வந்திருக்கிறது! "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." இன்டர்வியூவுக்கு முன்னும், கல்யாணப் பேச்சின்போதும் இதைப் பிடித்துக்கொள்கிறோம். இது முதலில் யாருக்கு எழுதப்பட்டது? எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன மக்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும், திரும்பி வந்துவிடுவார்கள் என்று சொல்கிறான். கேட்க இனிமையான செய்தி, பொய்யும்கூட. எரேமியாவோ எழுபது வருஷம் என்று எழுதுகிறார். அதுவரை என்ன செய்வது? "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிட்டு" வாழுங்கள். அப்புறம் ஏழாம் வசனம்: அந்தப் பட்டணத்தின் "சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்." பதினொன்றாம் வசனத்தின் நம்பிக்கை இந்த ஏழாம் வசனத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

இதைப் பெங்களூரில் வாசியுங்கள். "ரெண்டு வருஷம் இருந்துட்டு சென்னைக்கு மாத்திக்கிட்டுப் போயிடுவேன்" என்று சொல்லியே ஐந்து, ஏழு வருடங்களைப் பெட்டி பிரிக்காமல் கழிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! எந்தச் சபையிலும் பெயர் கொடுப்பதில்லை, பக்கத்து வீட்டாரின் பெயர் தெரியாது, கன்னடத்தில் பத்து வார்த்தை தாண்டுவதில்லை, வெள்ளி இரவு நாகர்கோவில் ரயிலைப் பிடிப்பதிலேயே மனம் இருக்கிறது. இந்த அதிகாரம் அவர்களிடம் நேராகப் பேசுகிறது. இருக்கிற ஊரில் வேர்விடு என்கிறது. கன்னடம் கற்றுக்கொள்வதும் இந்த வசனத்துக்குக் கீழ்ப்படிவதில் சேரும் என்றே நான் நினைக்கிறேன். ஆட்டோக்காரரிடமும் வீட்டு உரிமையாளரம்மாவிடமும் அவர்கள் மொழியில் நாலு வாக்கியம் பேசுங்கள். ஜெபத்தில் இந்த ஊரின் தண்ணீர்ப் பஞ்சம், ஏரிகள், சாலைகள், துப்புரவுத் தொழிலாளர்கள் எல்லாம் வரட்டும். இதெல்லாம் அட்டையில் இல்லை, முழு அதிகாரத்தில்தான் இருக்கிறது.

ஒரு சபையில் வேர்விடுவது

இதுவரை சொன்னது தனியாகச் செய்வது. தனியாக மட்டும் செய்தால் நீடிக்காது. வந்த முதல் இரண்டு மாதத்துக்குள் ஒரு சபையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

தமிழ் ஆராதனைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. 1809-இல் கன்டோன்மென்ட் என்ற ராணுவக் குடியிருப்பு அமைந்ததிலிருந்து மதராஸ் படையோடும் அதைச் சார்ந்த வேலைகளுக்காகவும் தமிழர்கள் இங்கே குடியேறினார்கள். சிவாஜிநகர், அல்சூர், ஃப்ரேசர் டவுன் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ச் சபைகள் இருப்பது அதனால்தான். சிவாஜிநகர் புனித மரியன்னை பசிலிக்காவில் செப்டம்பர் 8 திருவிழாவின்போது நின்று பார்த்தால், ஊரில் இருக்கிறோமா என்று தோன்றும். ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி மாதிரி புதிய பகுதிகளில் வாடகை மண்டபத்தில் கூடும் சிறு சபைகளும் உண்டு.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? வேதம் திறக்கப்பட்டு, அந்தப் பகுதி விளக்கப்படுகிறதா? ஒரு வசனத்தைத் தொட்டுவிட்டு முழுக்கச் சொந்தக் கதையா? நீங்கள் மூன்று வாரம் வராவிட்டால் யாருக்காவது தெரியுமா? பெரோயா பட்டணத்தார், பவுல் சொன்னதையே காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17:11 பாராட்டுகிறது. உங்கள் பெயர் சொல்லித் தீர்க்கதரிசனம் உரைத்துவிட்டு உடனே காணிக்கை கேட்கிறவரிடமிருந்து, எவ்வளவு கூட்டம் இருந்தாலும், விலகி நில்லுங்கள். போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகிற பெரிய சபையைவிட, நடந்து போகிற தூரத்தில் இருக்கிற நாற்பது பேர் சபை பல நேரம் நல்லது, மழை நாளிலும் போவீர்கள். சபை கிடைத்ததும் ஆயரிடமோ போதகரிடமோ உங்கள் பெயர், அறை இருக்கும் இடம், ஊரில் வீட்டு நம்பர் எல்லாம் கொடுங்கள். ஏதாவது ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள், பாடகர் குழுவோ ஓய்வுநாள் பள்ளியோ நாற்காலி அடுக்குவதோ. வேலை இருக்கிற இடத்துக்கு மனுஷன் தவறாமல் போவான்.

அதோடு இன்னும் ஒருவர் அல்லது இருவர் வேண்டும். வாரத்தில் ஒரு மாலை, அரை மணி, அந்த வாரம் நோட்டில் எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டி ஜெபித்துக்கொள்ள. நேரில் முடியாவிட்டால் போனில்.

மேசையிலும் சம்பளத்திலும்

காலையில் அதிகாரம் வாசித்து, மாலையில் போலி வாடகை ரசீது கொடுத்து வரி மிச்சம் பிடித்தால், அந்தக் காலை எங்கே போனது? "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்ற கொலோசெயர் 3:23-ஐ நாம் பெரும்பாலும் ஊழியத்துக்கு என்று எடுத்துக்கொள்கிறோம். முந்தின வசனத்தைப் பாருங்கள். பவுல் அதை வேலைக்காரர்களுக்கு, எஜமான் பார்க்கும்போது மட்டும் உழைக்கத் தூண்டப்படுகிறவர்களுக்கு எழுதுகிறார். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் கம்ப்யூட்டரில் பச்சை விளக்கு அணையாமல் மவுஸை ஆட்டிவைப்பதற்கும் இந்த வசனத்துக்கும் நேரடி சம்பந்தம் உண்டு.

இந்த ஊரில் வேலை தேடுகிற பிள்ளைகளைப் பிடித்துக்கொள்கிற பெரிய சோதனை போலி அனுபவச் சான்றிதழ். "எல்லாரும் செய்றாங்க, மூணு வருஷம் போட்டுக்கோ" என்று சொல்ல ஏஜென்ட் இருப்பார். வீட்டில் கடன், தங்கை படிப்பு, எனக்கும் தெரியும் அந்த அழுத்தம் எப்படிப்பட்டது என்று. ஆனாலும் சொல்கிறேன், வேண்டாம். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்பது நீதிமொழிகள் 11:1. பொய்யில் தொடங்கிய வேலையில் ஒவ்வொரு பின்னணிச் சரிபார்ப்புக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், காலையில் வேதம் திறக்கக் கை வராது. ஏற்கெனவே அப்படிச் சேர்ந்துவிட்டவர்கள் தனியாக மனதுக்குள் புழுங்காமல், நம்பிக்கையான மூத்த விசுவாசி ஒருவரிடம் உட்கார்ந்து பேசி அடுத்த அடியை எடுங்கள்.

சம்பளம் வந்த அன்றே பிரித்துவிடுங்கள். அவரவர் வரவுக்குத் தக்கபடி வாரத்தின் முதல் நாளிலேயே எடுத்துவைக்கச் சொல்கிறார் பவுல், 1 கொரிந்தியர் 16:2-இல். காணிக்கை முதலில், ஆனால் பெற்றோருக்கு அனுப்புவதைக் குறைத்து அதைக் கொடுக்காதீர்கள். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான் என்று காணிக்கையாக்கித் தப்பித்தவர்களை மாற்கு 7-இல் இயேசு கடுமையாகக் கண்டித்தார். பி.ஜி.யில் சமைக்கிற அக்கா, இரவுக் காவலர், சாப்பாடு கொண்டு வரும் பையன், இவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகுங்கள். யாக்கோபு 2-ஆம் அதிகாரம் பொன்மோதிரக்காரனுக்கு ஓர் இடம், அழுக்கு வஸ்திரக்காரனுக்கு ஓர் இடம் என்று வைப்பதைப் பற்றிப் பேசுகிறது. ஆபீஸ் லிப்டில் அதைத் தினமும் சோதித்துப் பார்க்கலாம்.

வறண்ட மாதங்கள்

வரும். நான்காவது மாதமோ, ஒரு வேலை போனபிறகோ, ஒரு கல்யாணப் பேச்சு முறிந்தபிறகோ. வசனம் எழுத்தாக மட்டும் தெரியும். அப்போது புதிதாக எதையும் முயற்சி செய்யாதீர்கள், சங்கீதங்களுக்குப் போங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதமோ ஆறுதலான முடிவு எதுவும் இல்லாமல், "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்" என்ற குமுறலோடே முடிந்துவிடுகிறது. இப்படி ஜெபிக்கவும் வேதத்தில் இடம் இருக்கிறது. சொந்த வார்த்தை வராத நாளில் இந்த வார்த்தைகளைக் கடன் வாங்கிச் சொல்லுங்கள்.

1 இராஜாக்கள் 19-இல் எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். அவனுக்கு முதலில் கிடைத்தது பிரசங்கம் இல்லை. தூக்கம், சுட்ட அடை, தண்ணீர், மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று தூதன் சொல்கிறான். மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான். ஆகவே இரவு மூன்று மணிவரை விழித்து, வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறவர் தன் விசுவாசத்தைக் குறை சொல்லும் முன் முதலில் தூங்கட்டும், சாப்பிடட்டும். சோர்வு வாரக்கணக்கில் விடாமல் நெருக்கினால், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், ஜெபத்தோடு உடனே மருத்துவ உதவியும் தேடுங்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இந்த ஊரில்தான் இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். அது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் எலியாவின் அடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம் முடிந்தபின்

புதிய ஏற்பாடு ஒருமுறை முடிந்துவிட்டால் முழு வேதாகமத்துக்குத் துணியலாம். 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். திங்கள் முதல் சனி வரை தினமும் மூன்று, ஞாயிறு ஐந்து என்று படித்தால் ஒரு வருடத்துக்குள் முடியும். அவ்வளவு முடியாதவர்கள் அதையே இரண்டு வருடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆதியாகமம் தொடங்கும்போதே கூடவே ஒரு சங்கீதமும் ஒரு சுவிசேஷப் பகுதியும் வைத்துக்கொண்டால் லேவியராகமம் இந்த முறை அவ்வளவு வறண்டதாக இருக்காது. அது முடிந்ததும் எபிரெயருக்கு எழுதின நிருபத்தை ஒருமுறை வாசியுங்கள், அந்தப் பலிகளும் கூடாரமும் எங்கே போய்ச் சேர்கின்றன என்று விளங்கும். அந்த வருடம் ஊரிலிருந்து புதிதாக வருகிற ஒரு தம்பியையோ தங்கையையோ மாற்கு முதலாம் அதிகாரத்தோடு உட்கார வைத்து, நீங்களும் கூட உட்காருங்கள்.